பழைய தையல் மெஷின் மேஜையில் பெயர்ந்த வினியரை ஒட்டும் முறை

கால்மிதித் தையல் மெஷினில் இரும்புப் பாகங்களுக்கு அவ்வளவு எளிதில் எதுவும் ஆகிவிடுவதில்லை. வார்ப்பிரும்பு ஸ்டாண்டும் மெஷின் தலையும் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாலு சொட்டு எண்ணெய் விட்டால் ஓடத் தொடங்கிவிடும்; முதலில் தளர்ந்துபோவது மேஜைதான். அந்த மேஜையிலும் பலகை முறிவது அபூர்வம். பலகையின் மேல் ஒட்டப்பட்ட மெல்லிய மரத்தகடு, அதாவது வினியர், ஓரத்தில் பெயர்ந்து, தைக்கும் துணியில் மாட்டி மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோவதுதான் நாம் அதிகம் பார்க்கும் பழுது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்துத் தூண்களுக்கு இடையே தையற்காரர்கள் வரிசையாக அமர்ந்து தைத்த காலத்தைக் கண்டவர்களுக்கு, முன்விளிம்பு தேய்ந்த மேஜைகள் புதிதல்ல.

இந்தப் பழுதை வீட்டிலேயே சரிசெய்ய முடியும். ஆனால் பெயர்ந்த இடத்தில் ஃபெவிகாலைப் பிதுக்கி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு மறுநாள் எடுத்துப் பார்ப்பது சரிசெய்வது ஆகாது. அப்படி ஒட்டியது ஒரு கோடையைத் தாண்டாது, ஏனென்றால் அடியில் இருந்த எண்ணெயும் தூசியும் பழைய பசைத் துகளும் அப்படியே இருக்கின்றன. ஒட்டுவது இந்த வேலையில் கடைசிக் கால் மணி நேரம்தான். அதற்கு முன்னால், எந்த அடுக்கு விட்டது, எதனால் விட்டது, அங்கே இருப்பது என்ன பசை என்று கண்டறிந்து அந்த இடத்தைச் சுத்தம் செய்வதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியவை

மேஜை உண்மையிலேயே வினியர் ஒட்டியதுதானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் மெஷின் தலை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையிலிருந்து வந்த சிங்கராக இருந்தாலும், மேஜை இடையில் எப்போதோ மாற்றப்பட்டு உள்ளூர் ஆசாரி செய்த முழுத் தேக்குப் பலகையாக இருக்கக்கூடும். மேல்பக்கத்தில் ஓடும் ரேகை, பலகையின் குறுக்கு வெட்டில் அதே கோட்டின் தொடர்ச்சியாக இறங்கினால் அது முழுப் பலகை. மேலே ஒரு ரேகையும் விளிம்பில் வேறொரு ரேகையும் தெரிந்து, இரண்டுக்கும் நடுவே மெல்லிய கோடு ஓடினால் அது வினியர். அந்தக் காலத்து வினியர் பெரும்பாலும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம் இருக்கும். இன்று கடைகளில் கிடைப்பது அரை மில்லிமீட்டர் அளவுதான். இந்த வேறுபாடு பின்னால் ஒட்டுப்போடும்போது முக்கியமாகிவிடும்.

சிங்கர் நிறுவனம் தன் மேஜைகளுக்காக அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் நகரில் தனித் தொழிற்சாலையே நடத்தியது. அங்கிருந்து வந்த மேஜைகளில் ஓக், வால்நட் வினியர்களைக் காணலாம். இவ்வகை மேஜையின் பலகை ஒரே மரத்துண்டு அன்று. நடுவில் சாதாரண மரம், அதன் மேல் குறுக்கு ரேகையோடு ஒரு தகடு, அதற்கு மேல் நாம் கண்ணால் பார்க்கும் அழகான தகடு என்று அடுக்கியிருப்பார்கள். ஆகவே பெயர்ந்து நிற்கும் ஓரத்தைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். தூக்கி நிற்பது மேல்தகடு மட்டும்தானா, அல்லது குறுக்குத் தகடும் அதோடு சேர்ந்து எழுந்துவிட்டதா என்பது அப்போது தெரியும். குறுக்குத் தகடு அடியில் விட்டிருக்கும்போது மேல்தகட்டுக்கு மட்டும் பசை வைத்தால், பசை காய்ந்த பிறகும் ஓரம் தூக்கியபடியேதான் நிற்கும்.

அடுத்து, மேஜை முழுவதையும் விரல் நகத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் இடம் கெட்டியான ஓசை தரும். அடியில் காற்று புகுந்த இடம் சற்றுப் பொள்ளலாக ஒலிக்கும். அந்த எல்லையை மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பேனாவோ பென்சிலோ வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் பழுது இரண்டு அங்குலம் என்றால் தட்டிப் பார்த்தபின் அது ஒரு சாணாக விரிவது வழக்கம்.

எங்கே விட்டிருக்கிறது என்பதே காரணத்தையும் சொல்லிவிடும். வலது பக்கம் சக்கரத்துக்குக் கீழும், மெஷின் தலை உட்காரும் பள்ளத்தின் விளிம்பிலும் விட்டிருந்தால் அது எண்ணெயின் வேலை. வட்டமாகக் கொப்புளித்திருந்தால் யாரோ செம்பிலோ பூந்தொட்டியிலோ தண்ணீர் வைத்திருக்கிறார்கள். முன்விளிம்பு நெடுக விட்டிருந்தால் துணியும் முழங்கையும் உராய்ந்த தேய்மானம். ஜன்னல் பக்கத்து ஓரம் மட்டும் சுருண்டிருந்தால் வெயில். பொடிப்பொடியாக மாவு கொட்டி, ஊசித் துளைகள் தெரிந்தால் வினியரை மறந்துவிட்டு முதலில் உளுப்பு வண்டுக்கு மருந்து அடிக்க வேண்டும். கரையான் அரித்து நடுப்பலகையே கூடாகிப் போயிருந்தால் இந்தக் குறிப்பு உதவாது, ஆசாரியைத்தான் அழைக்க வேண்டும்.

பழைய பசையைக் கண்டறிவது

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை மேஜைகளுக்குப் பெரும்பாலும் வஜ்ரம் என்று நம் ஆசாரிகள் சொல்லும் பசையைத்தான் பயன்படுத்தினார்கள். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது அது. ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகிவிடும் என்பது அதன் குறை. அந்தக் குறைதான் பழுதுபார்ப்பவருக்கு வரம். பெயர்ந்த இடத்தில் தெரியும் தேன்நிறத் துகளில் ஒரு சொட்டு வெந்நீர் விட்டு ஐந்து நிமிடம் கழித்து விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். அப்படியானால் அது வஜ்ரம். வெள்ளையாகவோ ரப்பர் போலவோ ஒரு படலம் உரிந்துவந்தால் முன்பே யாரோ வெள்ளைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதை வெதுவெதுப்பான வினிகரில் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். அதன் மேலேயே புதுப் பசை வைத்தால் பிடிக்காது.

எந்தப் பசையால் ஒட்டுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அடியில் இருப்பது வஜ்ரமாக இருந்தால் புதிதாக வைப்பதும் வஜ்ரமாகவே இருப்பது நல்லது. பழைய வஜ்ரத்தின் மேல் புது வஜ்ரம் கரைந்து ஒன்றாகிவிடும். பின்னாளில் வேறொருவர் பிரிக்க விரும்பினால் வெந்நீரே போதும். துண்டாகவோ குருணையாகவோ கிடைப்பதை ஒரு பங்குக்கு இரண்டு பங்கு குளிர்ந்த நீரில் ஊறவைத்து, உப்பியபின் கிண்ணத்தோடு வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி உருக்க வேண்டும். நேரடித் தீ ஆகாது, கொதிக்கவும் கூடாது. 60 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருந்தால் போதும், அதற்கு மேல் போகப் போகப் பிடிப்பு குறையும். குளிர்ந்த ஊர்களில் வஜ்ரத்தைத் தடவியதும் உறைந்துவிடுகிறது என்று வேகவேகமாக வேலை செய்ய வேண்டியிருக்கும். மதுரை வெயிலில் அந்தத் தொல்லை குறைவு. நிதானமாகப் பரப்பி அழுத்துவதற்கு நேரம் கிடைக்கும்.

பசையின் மூலப்பொருளை நினைத்து அதை வீட்டுக்குள் விடாத குடும்பங்களும் உண்டு. அதன் வாடையும் எல்லோருக்கும் ஒத்துவராது. அவர்கள் ஃபெவிகால் எஸ்.எச். போன்ற வெள்ளைப் பசையைப் பயன்படுத்தலாம், நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதற்கு முன் பழைய வஜ்ரத் துகள் முழுவதையும் வெந்நீரில் நனைத்துச் சுரண்டி எடுத்து, மரம் ஒரு நாள் முழுதும் காய வேண்டும். சன்மைக்கா ஒட்டும் ரப்பர் பசையை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். தொட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு, தகட்டை நகர்த்திச் சரிசெய்ய இடம் தராது, நாளடைவில் இழுபட்டும் நகரும். ஃபெவிக்விக் போன்ற நொடிப் பசை, தெறித்து விழுந்த சிம்பு ஒன்றைத் திரும்ப வைப்பதற்கு ஆகுமே தவிர வினியருக்கு ஆகாது. அது மரத்துக்குள் ஊறி மேலே கறையாகத் தெரியும், காய்ந்தபின் உடையும் தன்மையும் கொண்டது.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் வினியர் அப்பளம்போல் சுருண்டு நொறுங்கும் நிலையில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். அப்போது ஒட்டியது கோடையில் சுருங்கி வெடிக்கும். தை, மாசி மாதங்களே இதற்கு வாகானவை.

கழற்றுவதும் சுத்தம் செய்வதும்

மெஷின் தலையை மாட்டிவைத்துக்கொண்டே வேலை செய்ய நினைக்காதீர்கள். பெல்ட்டை இறக்கிவிட்டுத் தலையைப் பின்பக்கமாகச் சாய்த்தால், கீல் முளைகளைப் பிடித்திருக்கும் இரண்டு சிறிய திருகுகள் தெரியும். அவற்றைத் தளர்த்தித் தலையை நேராக மேலே தூக்கலாம். பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், ஆகவே இன்னொருவர் துணை வேண்டும். அதன்பின் மேஜையின் அடியில் ஸ்டாண்டோடு பிணைக்கும் திருகுகளைக் கழற்றிப் பலகையைத் தனியே எடுத்துத் தரையில் மட்டமாக வையுங்கள். கழற்றும் முன் செல்போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்வது பின்னால் கைகொடுக்கும்.

இப்போது பெயர்ந்த தகட்டின் அடியைச் சுத்தம் செய்ய வேண்டும், இதுதான் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. தகட்டை விரலால் பின்னுக்கு மடக்காதீர்கள். எவ்வளவு தானாகத் தூக்கி நிற்கிறதோ அவ்வளவுக்குள்தான் வேலை செய்ய வேண்டும். இன்னும் கொஞ்சம் தூக்கினால் வசதியாக இருக்குமே என்று தோன்றும் அந்த இடத்தில்தான் ரேகைக்குக் குறுக்கே அது முறியும். பெயிண்டர்கள் பட்டி பூசும் மெல்லிய தகட்டுக் கத்தியை உள்ளே நுழைத்து மெதுவாக அலசுங்கள். பிறகு 120 எண் உப்புத்தாளை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, சொரசொரப்பான பக்கம் கீழே இருக்கும்படி உள்ளே விட்டு, மேலிருந்து இலேசாக அழுத்திக்கொண்டு வெளியே இழுங்கள். அடுத்து அதைத் திருப்பிப் போட்டு வினியரின் உள்பக்கத்துக்கும் அப்படியே செய்யுங்கள். இழுக்கும் ஒவ்வொரு முறையும் பழுப்பு மாவு வரும். அது நின்று மரத்தூளின் நிறம் வரத் தொடங்கினால் போதும். சைக்கிள் பம்பால் ஊதி மிச்சத்தை வெளியேற்றுங்கள்.

எண்ணெய் ஊறிய இடத்துக்கு இது போதாது. ஒயிட் பெட்ரோலில் நனைத்த துணிப்பட்டையை உள்ளே விட்டு எடுங்கள், துணியில் மஞ்சள் படிவது நிற்கும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் எடுக்காதீர்கள், அது தானே ஒரு பிசுக்கை விட்டுச் செல்லும். ஸ்பிரிட்டும் தின்னரும் மேல்பக்கத்து அரக்குப் பாலிஷைக் கரைத்துவிடக்கூடியவை என்பதால் அவற்றையும் தவிர்ப்பது நலம். இந்த வேலையை மாடியிலோ முற்றத்திலோ, அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். மேஜை தேக்காக இருந்தால் அந்த மரத்துக்கே இயற்கையான எண்ணெய் உண்டு. பசை வைப்பதற்குச் சற்று முன் ஒருமுறை இப்படித் துடைத்துவிடுவது பிடிப்பைக் கூட்டும்.

சுருண்டு விறைத்த வினியராக இருந்தால் நேரே அமுக்கக் கூடாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன் மேல் சில மணி நேரம் போட்டு வைத்து, கொஞ்சம் இளகியதும் மேலே பட்டர் பேப்பரும் பலகையும் வைத்து இலேசான பாரம் ஏற்றுங்கள்; அடுத்த நாள் பாரத்தைக் கூட்டுங்கள். மட்டமான பிறகு நன்றாகக் காயவிட்டே பசை வைக்க வேண்டும். ஈரத்துணி பட்ட இடத்தில் அரக்குப் பாலிஷ் வெளுக்கக்கூடும், அது மேல்பூச்சில் மட்டும் நிற்கும் வெளுப்பு, பின்னால் சரிசெய்துகொள்ளலாம்.

ஒட்டுவது

பசை வைப்பதற்கு முன் ஒருமுறை வெறுமனே பலகையை வைத்து, கிளாம்ப் போட்டு ஒத்திகை பார்த்துவிடுங்கள். கிளாம்ப் எட்டுகிறதா, தகடு முழுவதும் மட்டமாக உட்காருகிறதா என்று அப்போதுதான் தெரியும். மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள ஹார்டுவேர் கடைகளில் சி கிளாம்ப் எளிதாகக் கிடைக்கும். ஒரு விளிம்புக்குக் குறைந்தது நாலு கிளாம்ப் வேண்டும்.

பசையைத் தடிமனான ஊசி பொருத்திய சிரிஞ்சாலோ, மெல்லிய பிளாஸ்டிக் பட்டையாலோ ஆழம் வரை கொண்டுசெல்லுங்கள். வஜ்ரமாக இருந்தால் சிரிஞ்சை முதலில் வெந்நீரில் சூடாக்கிக்கொள்ள வேண்டும். மேலும் கீழும் இரண்டு பக்கமும் பசை படவேண்டும். பிறகு தகட்டை இறக்கி, உள்ளிருந்து வெளியே நோக்கி விரலால் நீவிவிட்டால் மிகுதிப் பசையும் காற்றும் ஓரத்தில் வழியும். உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அதன் மேல் பட்டர் பேப்பர், அதற்கு மேல் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் துண்டு, அதற்கு மேல் கிளாம்ப். நடுவிலிருந்து தொடங்கி இருபக்க ஓரத்துக்குப் போங்கள். பசை மெல்லிய மணிகளாக வரிசையாகக் கசிந்தால் அழுத்தம் சரி. ஒன்றும் கசியாவிட்டால் பசை போதவில்லை, ஒழுகிக்கொண்டே இருந்தால் அளவுக்கு மீறி முடுக்குகிறீர்கள்.

ஓக் மேஜை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓக் மரத்தில் டானின் என்னும் துவர்ப்பொருள் மிகுதி. அதன் மேல் ஈரமும் இரும்பும் ஒன்றாகப் பட்டால் மைபோல் கறுத்துவிடும், கிளாம்பின் வாய் வடிவம் அப்படியே மேஜையில் பதிந்துவிடும். பட்டர் பேப்பரும் மரத்துண்டும் இல்லாமல் இரும்பு எதுவும் படக்கூடாது. இரும்புக் கம்பளியால் தேய்ப்பதும் கூடாது.

கிளாம்ப் எட்டாத நடுப்பகுதிக்கு அம்மிக்கல்லே போதும், அடியில் தட்டையான பலகை வைக்க வேண்டும் அவ்வளவுதான். வளைந்த இழுப்பறை முகப்புக்கும் மெஷின் மூடிக்கும் பலகை ஒத்துவராது. சலித்த மணலைத் துணிப்பையில் கட்டி வைத்தால் வளைவுக்கு ஏற்றபடி உட்காரும்; மணலை இளஞ்சூடாக வறுத்துக் கட்டினால் வஜ்ரம் உறையாமலும் இருக்கும். உருண்ட விளிம்புக்குப் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இழுத்துச் சுற்றுவதைவிடச் சிறந்த கிளாம்பை நான் கண்டதில்லை. எதுவானாலும் ஒரு நாள் முழுதும் தொடாமல் விட்டுவிடுங்கள்.

நடுவில் கொப்புளம் மட்டும் இருந்தால், அடியில் இருப்பது வஜ்ரம் என்னும்போது வெட்டவே வேண்டியிராது. பட்டர் பேப்பரும் ஒரு துணியும் விரித்து, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் சில நொடிகள் மட்டும் வைத்து எடுத்து, கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே பாரத்தை ஏற்றி ஆறவிடுங்கள். பழைய பசை இளகித் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் கூரான பிளேடால், ரேகை ஓடும் திசையிலேயே, சற்றுச் சாய்த்துக் கொப்புளத்தைக் கீறி, ஊசியால் பசை ஏற்றி அழுத்த வேண்டும். ரேகை வழியே கீறிய கோடு காய்ந்தபின் கண்ணில் படாது. குறுக்கே கீறினால் எந்தப் பாலிஷாலும் மறைக்க முடியாது.

உதிர்ந்துபோன இடத்துக்கு ஒட்டு

காணாமல்போன துண்டுக்குப் பதில் வைக்கும் வினியர், அதே மரமாகவும் அதே வயதாகவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதே மேஜையில் கண்ணில் படாத இடத்திலிருந்து, உதாரணமாக மடக்குப் பலகையின் அடிப்பக்கத்து ஓரத்திலிருந்து, வெந்நீரும் சூடும் கொடுத்து ஒரு துண்டை எடுப்பது ஒரு வழி. காரைக்குடி பழம்பொருள் கடைகளில் உடைந்த மேஜைகளும் இழுப்பறைகளும் கிடைக்கின்றன. ஒரு முகப்புப் பலகை வாங்கினால் பல ஒட்டுகளுக்குப் போதும். புது வினியர்தான் கிடைத்தது என்றால் கனம் பாதியே இருக்கும் என்பதால் இரண்டு தகடுகளை ஒன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஒட்டுத்துண்டைச் சதுரமாக வெட்டாதீர்கள். ரேகைக்கு நேர் குறுக்கே ஓடும் கோடு பளிச்சென்று தெரியும். தோணி வடிவிலோ சாய்சதுரமாகவோ வெட்டினால் விளிம்புகள் ரேகையோடு கலந்துவிடும். முதலில் ஒட்டுத்துண்டை வெட்டி, அதைப் பழுதான இடத்தின் மேல் ரேகை பொருந்த வைத்து, சுற்றிலும் கத்தி முனையால் கோடு கீறி, அந்தக் கோட்டுக்குள் இருப்பதை உளியால் எடுப்பதுதான் முறை. ஓட்டையை அளந்து துண்டு வெட்டப்போனால் எப்போதும் ஒரு நூல் இடைவெளி நிற்கும். துண்டு மேல்மட்டத்தைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கட்டும். காய்ந்தபின் அதை மட்டும் 220 எண் உப்புத்தாளால் இழைத்துச் சமன் செய்யலாம்.

மேஜை முழுவதையும் மெஷினால் தேய்த்துப் புதிதாகப் பாலிஷ் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டர் வினியரில் ஏற்கெனவே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது; விளிம்பில் ஒரு நொடி அதிகம் தேய்த்தால் அடித்தகடு வெளியே தெரிந்துவிடும். சன்மைக்கா ஒட்டிவிடலாம் என்பது அதைவிட மோசமான யோசனை. பழுதுபார்த்த இடத்துக்கு மட்டும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டணத்தால் மெல்லிய கைகளாகப் பூசி, பக்கத்து நிறத்தோடு ஒத்துப்போகும்வரை கூட்டிக்கொண்டே போங்கள். ஈரம் பட்டு வெளுத்த இடத்தையும் ஸ்பிரிட் மிகக் குறைவாகத் தொட்ட அதே பொட்டணத்தால் ஒற்றினால் வெளுப்பு மறையும். கடைசியில் தேன்மெழுகை டர்பெண்டைனில் குழைத்துத் தடவித் துடைத்தால் போதுமானது.

பசை கெட்டிப்பட ஒரு வாரம் விட்டபின் பலகையை ஸ்டாண்டில் பொருத்துங்கள். தலையை மாட்டும் முன், அது உட்காரும் பள்ளத்தின் வெட்டு விளிம்பு நெடுக அரக்கை இரண்டு மூன்று கை பூசிவிடுங்கள். எண்ணெய் மரத்துக்குள் நுழையும் வாசல் அந்த வெட்டு விளிம்புதான். எண்ணெய் விடும் நாளில் சக்கரத்துக்குக் கீழே ஒரு பழந்துணியை விரித்துவைத்து, விட்ட எண்ணெய் வழிவது நிற்கும்வரை, இரவு முழுதும், அதை எடுக்காதீர்கள்.